ஹேசன் ஏரி அடிவரை உறைந்தா கிடக்கிறது?

கேள்வி (ஒரு வாசகர்), 4 ஜனவரி

அண்ணா, எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. கனடாவின் வடகோடியில் ஹேசன் என்று ஒரு ஏரியாம். அடிவரை பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறதாம். உள்ளே எந்த உயிரும் கிடையாதாம், பழைய வைரஸ்கள் மட்டும் தூங்குகின்றனவாம். உருகினால் அடுத்த கொரோனா அங்கிருந்துதான் என்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் அந்தப் பக்கம் வேலைக்குப் போனதாக வேறொரு இழையில் எழுதிய ஞாபகம். இதில் எவ்வளவு உண்மை?

4 ஜனவரி, இரவு

ஏரி உண்மை, பெயர் உண்மை. அடிவரை உறைவது பொய். உயிர் இல்லை என்பது அதைவிடப் பெரிய பொய். வைரஸ் விஷயத்தில் கொஞ்சம் உண்மை, நிறைய மசாலா. அதை எழுத இடம் வேண்டும், பிறகு வருகிறேன்.

எல்ஸ்மியர் தீவின் வடபகுதியில், 81 டிகிரி அட்சரேகையைத் தாண்டி இருக்கிறது. நுனாவுட் பிரதேசம், குட்டினிர்பாக் தேசியப் பூங்காவுக்குள். நீளம் 70 கிலோமீட்டருக்கு மேல், பரப்பு சுமார் 540 சதுர கிலோமீட்டர், அதிகபட்ச ஆழம் 267 மீட்டர். குளிர்காலம் முடிகிற சமயத்தில் மேலே உள்ள பனிக்கட்டியின் தடிமன் ஏறக்குறைய 2 மீட்டர். மிச்சம் முழுக்கத் தண்ணீர், குடிக்கிற நல்ல தண்ணீர்.

காரணம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனம். அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே வரும், மேலேயே உறையும், உறைந்தது மிதக்கும். அந்த மூடிக்குமேல் வெண்பனி விழுந்தால் கம்பளிமாதிரி வேலை செய்யும். வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் கீழே போய்ச் சேருவது மெதுவாகத்தான்.

அப்புறம் ஒன்று: நான் போனது விஞ்ஞானியாக இல்லை. ஏரி நீரை ஆராயும் ஒரு குழுவுக்கு எடுபிடி. துளை போடுவது, புட்டி கழுவுவது, முறை வரும்போது சமையல். அதனால் நான் சொல்வதில் நேரில் பார்த்தது கொஞ்சம், அந்தக் குழுவினர் வாயால் கேட்டதும் பிறகு படித்ததும் நிறைய.

5 ஜனவரி

"2 மீட்டர் என்று எப்படித் தெரியும், ராடாரா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ராடாரும் உண்டு. எனக்குத் தெரிந்தது தோள்வலி வழியாக.

போர்வெல்காரர்கள் ஆகர் என்பார்களே, அதன் குட்டித் தம்பி ஒன்று, பெட்ரோல் என்ஜின் வைத்தது. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் வெண்பனி பறக்கும். அடுத்து பால் நிறத்தில் ஒரு அடுக்கு. அதற்குக் கீழே கண்ணாடிபோல் தெளிந்த பனிக்கட்டி, மேலேயிருந்து பார்த்தால் கறுப்பாகத் தெரியும். அதில் ஆகர் முனகும். ஒரு தண்டு முழுக்க உள்ளே போன பிறகு இன்னொரு தண்டைப் பூட்ட வேண்டும். கடைசியில் சட்டென்று கனமே இல்லாமல் கை கீழே இறங்கும், குபுக்கென்று தண்ணீர் ஏறி வரும். ஆனால் வழியாது. மேல்மட்டத்துக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக வந்து நின்றுவிடும். நாம் நிற்கிற தரை மிதந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைக்கும். அதுவரை தெரிந்த விஷயம்தான், ஆனாலும் காலை அகட்டி வைத்து நின்றேன்.

மாதிரி எடுக்கிற குழாயை இரண்டு பக்கமும் திறந்தபடி கயிற்றில் இறக்குவோம். வேண்டிய ஆழம் போனதும் அதே கயிற்றில் ஒரு பித்தளைக் குண்டை நழுவ விட வேண்டும். அது போய் இடித்தால் குழாயின் இரண்டு மூடியும் மூடிக்கொள்ளும். 10 மீட்டர் என்றால் உடனே தெரியும். 250 மீட்டர் என்றால் கயிற்றை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு, பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு சின்ன 'டிக்' விரலில் வரும். வந்ததா வரவில்லையா என்று சந்தேகமாகவே இருக்கும். வரவில்லை என்று நினைத்து இன்னொரு குண்டை விட்டவர்கள் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், மறுநாள் காலைக் கஞ்சி அவர் கையில்தான்.

சுற்றுவட்டாரத்திலேயே கதகதப்பான இடம் அந்தத் துளைதான். காற்று மைனஸ் இருபது, தண்ணீர் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே. மேலே தூக்கிய நிமிடம் புட்டியின் வாயில் பொருக்குக் கட்டும். வடிகட்டுகிற வேலையைக் கூடாரத்துக்குள் அடுப்பு பக்கத்தில்தான் செய்ய முடியும்.

5 ஜனவரி, சற்று நேரம் கழித்து

வைரஸ் எங்கே, வைரஸ் எங்கே என்று மூன்று பேர். வரும், பொறுங்கள். மீனை முடித்துவிடுகிறேன்.

7 ஜனவரி

மீன் உண்டு. ஒரே ஒரு இனம்: ஆர்க்டிக் சார். சால்மன் குடும்பம். உலகில் நன்னீர் மீன்களிலேயே மிக வடக்கே வாழ்வது இதுதான், அதனால் அந்த ஏரியில் போட்டிக்கு வேறு யாரும் இல்லை.

போட்டி இல்லாவிட்டால் சொகுசாக இருக்கும் என்று நினைப்போம். அங்கே அப்படி இல்லை. ஒரே இனத்துக்குள் பெரிய உருவம், சின்ன உருவம் என்று இரண்டு வகை. சின்னவை ஏரிக்கரைப் பக்கத்துப் புழுபூச்சிகளை, குறிப்பாக கொசுபோலவே இருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் புழுக்களைத் தின்று காலம் தள்ளுகின்றன. பெரியவை சின்னவற்றைத் தின்கின்றன. அண்ணன் தம்பியைத் தின்னும் குடும்பம், வேறு வழியும் இல்லை.

குளிரில் வளர்ச்சி மிக மெது. கையளவு மீனைப் பார்த்துக் குஞ்சு என்று நினைத்தால் அதற்கு நம் வீட்டுக் கல்லூரிப் பையனின் வயது இருக்கும். வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், மீனின் காதுக்குள் ஒரு சின்னக் கல் இருக்கிறது. அதை அறுத்து நுண்ணோக்கியில் வளையம் எண்ணுகிறார்கள். எண்ணுவதை ஒரு தடவை பார்த்தேன். ஒருவர் சொல்கிற எண்ணுக்கும் அடுத்தவர் சொல்கிற எண்ணுக்கும் வித்தியாசம் வந்து, மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார்கள்.

இவ்வளவு காலம் வாழ்கிற, ஒன்றையொன்று தின்கிற மீனுக்குள் பாதரசம் சேராமல் எப்படி இருக்கும்? சேர்கிறது. இத்தனைக்கும் அங்கே தொழிற்சாலை இல்லை, சுரங்கம் இல்லை, ஊரே இல்லை. நிரந்தரமாக ஆள் இருக்கிற மிக அருகிலுள்ள இடம் கடற்கரையில் உள்ள அலெர்ட் ராணுவ நிலையம். பாதரசம் காற்றில் வருகிறது. நிலக்கரி எரிக்கும் நாடுகளிலிருந்து கிளம்பி, சுற்றி, குளிரில் கீழே இறங்குகிறது.

தொலைவில் இருப்பதால் ஒரு இடம் தப்பித்துவிடும் என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் போயிற்று.

8 ஜனவரி

"நீங்கள் சாப்பிட்டீர்களா?"

ஆராய்ச்சிக்குப் பிடித்ததில் தசைத்துண்டு, காதுக்கல், வயிறு எல்லாம் எடுத்த பிறகு மிஞ்சியது சட்டிக்குப் போனது. ஆரஞ்சு நிறச் சதை, கொழுப்பு கொஞ்சம். என்னிடம் இருந்த மிளகாய்த்தூள் தீர்ந்துபோயிருந்தது. அதைப்பற்றி இன்னும் வருத்தம்.

9 ஜனவரி

துருவப் பாலைவனத்தில் கொசுவா என்று சிரித்தவருக்கு.

ஹேசன் படுகை ஒரு விசித்திரமான இடம். வடக்கே கிராண்ட் லேண்ட் மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது, கடலின் ஈரக்குளிர் உள்ளே வராது. ஏரியின் வடகரைச் சரிவு தெற்கு நோக்கியது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு கடைசிவரை சூரியன் மறைவதே இல்லை. அதனால் கோடையில் அந்தச் சரிவு அந்த அட்சரேகைக்குப் பொருந்தாத அளவு சூடாகிறது. குளிர்காலத்தில் நேர்மாறு: கனத்த குளிர்க்காற்று கிண்ணத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், கடற்கரையைவிட மோசம். மழை, வெண்பனி இரண்டும் சேர்த்தே சொற்பம். அதனால்தான் பாலைவனம். ஆனால் மலைமேல் உருகி வருகிற தண்ணீர் இருக்கிறது. எனவே புல், பாசி, குட்டை வில்லோ, முயல் கூட்டம், கஸ்தூரி எருது, ஓநாய், கொசு.

கொசு சும்மா ஒன்றிரண்டு இல்லை. 1960-களில் பிலிப் கார்பெட் என்ற பூச்சியியலாளர் இதற்காகவே அங்கே உட்கார்ந்தார். ஈடிஸ் பேரினத்தில் இரண்டு இனங்கள். நம்மூரில் டெங்கு பரப்புகிறதே அதன் பங்காளிகள். அவர் கண்டுபிடித்ததில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, இரத்தம் கிடைக்காவிட்டால் அந்தப் பெண்கொசு, புழுப்பருவத்தில் சேமித்ததை வைத்தே சில முட்டைகள் இட்டுவிடும். கடிக்க ஆள் இல்லாத ஊரில் வேறென்ன செய்வது? இரண்டாவது, முட்டை இடுகிற இடம். குட்டையின் எந்தக் கரையில் அடுத்த வருடம் பனி முதலில் உருகுமோ அந்தக் கரை, அதாவது தெற்கு வெயில் விழுகிற வடகரை. கோடை அவ்வளவு குறுகியது, நான்கு நாள் முந்தினால் அது ஒரு தலைமுறை.

இரத்தம் இல்லாமலே முட்டையிடத் தெரிந்த கொசு என்னைப் பார்த்ததும் அந்தத் திறமையை மறந்துவிட்டது என்பதையும் பதிவு செய்கிறேன்.

9 ஜனவரி, பின்குறிப்பு

பூவைச் சொல்லாமல் விட்டுவிட்டால் பாவம். டிரையஸ் என்று ஒரு வெள்ளைப் பூ, தரையோடு தரையாகப் பூக்கும். சூரியன் வானத்தில் வட்டமடிக்க, பூவும் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும். இதழ்கள் கிண்ணம்போல வளைந்து வெயிலை நடுவில் குவிக்கின்றன. ஹேசனில் இதை அளந்து 1975-ல் எழுதியவர் பீட்டர் கெவன். பூவின் நடுப்பகுதி சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி சூடு. ஈயும் கொசுவும் தேனுக்காக மட்டும் வருவதில்லை, குளிர்காயவும் வருகின்றன. மண்டியிட்டுப் பார்த்தால் தெரியும்: பூவுக்குள் ஒரு கொசு அசையாமல் உட்கார்ந்திருக்கும், காலை நீட்டி, அவ்வளவு நிம்மதியாக. அடிக்க மனம் வராது. அடித்தேன்.

12 ஜனவரி

இழை வேறெங்கோ போகிறது. "ஹேசன் யார்?" என்று கேட்டதால் வந்த வினை, எழுதிவிடுகிறேன்.

வில்லியம் ஹேசன் அமெரிக்க ராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவுத் தலைவர். ஏரியைப் பார்த்ததே கிடையாது. அவருடைய ஆள் அடால்ஃபஸ் கிரீலி 1881-ல் 25 பேர் கொண்ட குழுவோடு லேடி ஃபிராங்க்ளின் குடாவில் ஃபோர்ட் காங்கர் என்ற வீட்டைக் கட்டி உட்கார்ந்தார். முதல் சர்வதேசத் துருவ ஆண்டுக்காக வானிலை அளப்பது வேலை. 1882 வசந்தத்தில் உள்நாட்டுப் பக்கம் நடந்தவர் ஏரியைக் கண்டு மேலதிகாரியின் பெயரை வைத்தார். ஏரியிலிருந்து வெளியேறும் ரகிள்ஸ் ஆறு அந்தக் கடுங்குளிரிலும் உறையாமல் ஓடியதைப் பார்த்து வியந்தார். ஏரியின் அடியில் தேங்கிய அந்தக் கொஞ்ச வெப்பம்தான் வாய் வழியாக வெளியே வருகிறது.

பிறகு நடந்தது சோகம். 1882-ல் உதவிக் கப்பல் வரவில்லை. 1883-ல் வந்த புரோட்டியஸ் பனிக்கட்டிகளுக்கு நடுவே நசுங்கி மூழ்கியது. ஆகஸ்டு 1883-ல் கிரீலி உத்தரவுப்படி படகில் தெற்கே கிளம்பினார். கேப் சபைனில் குளிர்காலம், பட்டினி. 1884 ஜூனில் மீட்புக் கப்பல் வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் 7 பேர். அதில் ஒருவர் வழியில் இறந்தார். 6 பேர் ஊர் திரும்பினார்கள்.

விட்டுவிட்டு வந்த இடத்தில் நிலக்கரி இருந்தது, வேட்டைக்குக் கஸ்தூரி எருது இருந்தது.

12 ஜனவரி, இரவு

"அப்படியானால் கிரீலி முட்டாள்" என்கிறார் ஒருவர். நானும் அங்கே இருந்தபோது அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். வெயிலில், வயிறு நிறைந்து, செயற்கைக்கோள் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவது சுலபம். இப்போது யோசித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. கப்பல் வராவிட்டால் தெற்கே வா, அங்கே உணவு இருக்கும் என்பது கையில் இருந்த உத்தரவு. உணவை வைக்க வேண்டியவர்கள் போதிய அளவு வைக்கவில்லை. அவர் நம்பினார். முட்டாள்தனத்தை எங்கே வைப்பது என்பது அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை.

"கண்டுபிடித்தார்" என்று நான் எழுதாததைக் கவனித்த புண்ணியவானுக்கு நன்றி. சுமார் 4000 வருடங்களுக்கு முன்பே அந்தப் படுகை வழியாக மக்கள் கஸ்தூரி எருதைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். தொல்லியலில் முதலாம் இண்டிபென்டன்ஸ் பண்பாடு என்பார்கள். கூடாரத்துக்குக் கல் அடுக்கிய வட்டம், நடுவில் அடுப்பு. அந்தக் கற்கள் கிடந்த இடத்தைத் தாண்டித்தான் தண்ணீர் மொள்ளப் போவோம், அவற்றைத் தொடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

15 ஜனவரி

சரி, சீரியசான விஷயம்.

இந்த ஏரியில் என்ன நடக்கிறது என்று உலகத்துக்குத் தெளிவாகச் சொன்னது 2018-ல் வந்த ஒரு கட்டுரை. இகோர் லெனர் என்பவரும் ஒரு பெரிய குழுவும் எழுதியது. சாரம் இவ்வளவுதான்: கோடை வெப்பம் ஏறக்குறைய 1 டிகிரி கூடியது. ஒரே ஒரு டிகிரி. அதற்கு, பனியாறுகளிலிருந்து ஏரிக்கு வருகிற உருகுநீர் சுமார் 10 மடங்கு ஆயிற்று. ஏரிக்குள் வந்த தண்ணீர் வெளியேறும்வரை தங்குகிற காலம் 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. முன்பெல்லாம் சில கோடைகளில் நடுவில் மிதக்கும் பனிக்கட்டி முழுதாக உருகாமலே அடுத்த குளிர்காலம் வந்துவிடும். இப்போது கோடையில் ஏரி முழுக்கத் திறந்துவிடுவது கிட்டத்தட்ட நிச்சயம். சேற்றைத் துளைத்து எடுத்துப் பார்த்ததில் கடந்த 300 வருடத்தில் இப்படி ஒரு மாற்றம் இல்லை.

10 மடங்கு என்பதை வெறும் எண்ணாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். ஜூலையில் பனியாற்று ஓடையைத் தாண்ட முடியாது. தண்ணீர் சாம்பல் கலந்த பால் நிறம். பக்கத்தில் நின்றால் அடியில் கற்கள் உருண்டு ஒன்றையொன்று இடிக்கிற சத்தம் தொடர்ந்து கேட்கும். காலையில் கணுக்கால் அளவு தாண்டிப் போன ஓடை, மத்தியானம் வெயில் ஏறியதும் தொடைவரை. மறுகரையில் மாட்டிக்கொண்டு, இரவு வெயில் சாயும்வரை (மறையாது, சாயும்) பிஸ்கட் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்தத் தண்ணீரோடு வருவது மண் மட்டும் இல்லை. பனியாறுகள் பல பத்தாண்டுகளாக விழுந்ததை எல்லாம் அடுக்கடுக்காகப் பூட்டி வைத்திருக்கின்றன. பாதரசம், எப்போதோ தடைசெய்யப்பட்ட பூச்சிக்கொல்லிகளின் எச்சம். நம் தாத்தா காலத்து மருந்து இப்போதுதான் ஏரிக்குப் போய்ச் சேர்கிறது.

16 ஜனவரி

"தண்ணீர் அதிகம், வெயில் அதிகம், பனிக்கட்டி குறைவு. மீனுக்கு நல்லதுதானே?"

எனக்கும் இந்தக் கேள்வி இருந்தது. தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது, மீன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அதே ஆய்வில் மீன்களின் உடல்நிலை சரிந்திருக்கிறது, நீளத்துக்கு ஏற்ற எடை இல்லை. ஏரியின் அடித்தரையில் வாழ்ந்த நுண்பாசிகள் குறைந்து, நீரில் மிதக்கிறவை பெருகியிருக்கின்றன. சாப்பாட்டுப் பந்தி இடம் மாறிவிட்டது. எடை ஏன் குறைந்தது என்பதற்கு இது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கலங்கல் நீரில் கண்ணால் பார்த்து வேட்டையாடுகிற மீன் என்ன செய்யும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

18 ஜனவரி

கலங்கலைப்பற்றி இன்னொரு பக்கம். இது எனக்கே ஆச்சரியம், அதனால் தனியாக.

பெரிய ஏரிகளில் வெயில் காலத்தில் மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர் என்று பிரிந்து, அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும் என்பது பொதுவான பயம். ஹேசனில் பனியாற்று நீர் குளிர்ந்தும் இருக்கிறது, மண் சுமந்து கனமாகவும் இருக்கிறது. ஏரிக்குள் நுழைந்ததும் மேலே பரவாமல் நேராக அடிக்கு இறங்குகிறது. காற்றோடு குதித்துவந்த நீர் ஆதலால் ஆக்சிஜனும் கூடவே. அதாவது உருகல் அதிகமானால் 200 மீட்டருக்குக் கீழே மூச்சு அதிகம்.

கரையில் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ஓடை வந்து கலக்கிற இடத்தில் சாம்பல் நிறம் கொஞ்ச தூரம் போகும், அப்புறம் ஒரு கோடு, அதற்கப்பால் நீலம். சாம்பல் எங்கே போயிற்று? காலுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறது.

18 ஜனவரி, இரவு

இதே ஓடைகளைப்பற்றி கைரா செயின்ட் பியர் குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று: பனியாறு அரைத்த புதுப் பாறைத்தூள் தண்ணீரில் கரையும்போது நடக்கும் வேதிவினை, காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுக்கிறது. வழக்கமாக ஆறுகள் அதை வெளியே விடும், இவை உள்ளே எடுக்கின்றன. உருகல் அதிகமான 2015-ல் ஒரு சதுர மீட்டர் கணக்கில் பார்த்தால் அமேசான் காட்டைப்போல் சராசரியாக இரண்டு மடங்கு.

எழுதும்போதே தெரியும், இதை வைத்து யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று.

19 ஜனவரி

சொன்னேன் இல்லையா. "அப்போ பனி உருகுவது பூமிக்கு நல்லது."

ஐயா, சதுர மீட்டர் கணக்கு என்று எழுதியிருக்கிறேன். அமேசான் எவ்வளவு பெரியது, இந்த ஓடைகள் எவ்வளவு அகலம்? மொத்தத்தில் கொசுறு. அதுவும் பனியாறு இருக்கும்வரைதான் அரைக்கும், அரைத்தால்தான் தூள். விதைநெல்லைத் தின்றுவிட்டு இந்த வருடம் வயிறு நிறைந்தது என்கிற கணக்கு இது.

21 ஜனவரி

இனி வைரஸ்.

அக்டோபர் 2022-ல் ஒட்டாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு வெளியிட்டது. ஏரியின் அடிச்சேற்றிலும், உருகுநீர் ஓடும் கரைமண்ணிலும் மாதிரி எடுத்து, அதில் உள்ள டிஎன்ஏ, ஆர்என்ஏ எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினார்கள். வைரஸ்களின் வம்ச மரத்தையும், அவை தங்கக்கூடிய உயிர்களின் வம்ச மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு மரமும் ஒன்றுபோல் கிளைத்திருந்தால், வைரஸ் தன் பழைய வீட்டிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பொருந்தாமல் இருந்தால், வீடு மாறியிருக்கிறது, மாறவும் கூடும். இந்தப் பொருந்தாமை, உருகுநீர் அதிகம் பாயும் இடத்து ஏரிச்சேற்றில் அதிகம். கரைமண்ணில் அப்படி இல்லை, அங்கே உருகுநீர் கூடினால் குறைகிறது.

இதில் எங்கேயாவது "தூங்கும் கொடிய வைரஸ்" இருக்கிறதா? இல்லை. உயிரோடு எதையும் வளர்க்கவில்லை, யாரையும் எதுவும் தொற்றவில்லை. வீடு மாறுகிற வாய்ப்பு என்பது வேறு, கொள்ளைநோய் என்பது வேறு. நடுவில் ஏந்திச் செல்ல ஒரு உயிர் வேண்டும், புதிய வீடும் பக்கத்தில் இருக்க வேண்டும். குழுவினரே இதைத்தான் சொன்னார்கள். கூடவே, வெப்பத்தால் தெற்கத்தி உயிர்கள் வடக்கே நகர்ந்தால் அந்த இடைவெளி சுருங்கும் என்றும் சொன்னார்கள். செய்தித்தாள்களுக்கு அந்தக் கடைசி வாக்கியம் போதுமாக இருந்தது.

நான் அந்தச் சேற்றில் முழங்கை வரை கைவிட்டவன். எனக்கு வந்தது ஜலதோஷம், அதுவும் விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடமிருந்து.

22 ஜனவரி

மேலே எழுதியதில் கிண்டல் கூடிவிட்டதோ என்று நினைக்கிறேன். ஆய்வு முக்கியமானது. அது எடுத்துக்கொண்ட கேள்வி, உருகுநீர் அதிகரிப்பதால் ஒன்றையொன்று பார்த்திராத உயிர்கள் ஒரே சேற்றில் வந்து சேருகின்றனவா என்பது. சேருகின்றன. மீனின் பாதரசமும், தாத்தா காலத்துப் பூச்சிக்கொல்லியும், இதுவும் ஒரே கதையின் துண்டுகள். பனிக்கட்டி மூடியும், பனியாற்றின் பூட்டும் இருந்தவரை அந்த ஏரிக்கு வருவது மெதுவாக வந்தது. இப்போது எல்லாம் சேர்ந்து வருகிறது. வாட்ஸ்ஆப் செய்தி ஏரிக்குள்ளிருந்து என்ன வெளியே வரும் என்று பயப்படுகிறது. எனக்குக் கவலை உள்ளே போய்க்கொண்டிருப்பதைப்பற்றி.

25 ஜனவரி

சுற்றுலாவாகப் போக முடியுமா என்று கேட்டவருக்கு: முடியும், பூங்கா நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். சாலை இல்லை, கப்பல் இல்லை. ரெசொலூட் ஊரிலிருந்து சிறு விமானத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும், ட்வின் ஆட்டர் என்று இரட்டை என்ஜின் வண்டி. ஏறக்குறைய 900 கிலோமீட்டர். வானிலை சரியில்லை என்றால் ரெசொலூட்டில் காத்திருப்பு, திரும்பும்போது ஏரிக்கரையில் காத்திருப்பு. இரண்டாவது காத்திருப்புக்கும் சேர்த்து அரிசி கொண்டு போங்கள். வாடகையை நாலைந்து பேர் பங்கு போட்டாலும் அது கல்யாணச் செலவுதான்.

கேமரா பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஓநாய் பக்கத்தில் வரும், மனிதனைப் பார்த்துப் பழக்கம் இல்லாததால் பயம் கிடையாது. சாப்பாட்டைத் திறந்து வைக்காதீர்கள். மிளகாய்த்தூள் கூடுதலாக.